ஓர் ஆசிரியர் குடும்பத்தின் ஐந்து தலைமுறைகள்: மேரி கியூரி அம்மையாரின் பிறந்தகம்

விஞ்ஞானம் படித்த எந்த மாணவிக்கும் மேரி கியூரி என்ற பெயர் புதிதல்ல. இரேடியத்தைக் கண்டுபிடித்தவர், இரு தடவை நோபல் பரிசு பெற்றவர், பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி என்று பரீட்சைக்காக மனனம் செய்திருப்போம். ஆனால் அவர் பிறந்தது பிரான்சில் அன்று, போலந்தில். பிறந்த வீடோ ஒரு பெண்கள் பாடசாலையின் கட்டடம். அந்தப் பாடசாலையின் அதிபராக இருந்தவர் அவருடைய தாயார். தாயாரும் அதே பாடசாலையில் படித்து, அதிலேயே ஆசிரியையாகி, அதிபராக உயர்ந்த ஒரு பழைய மாணவி. பழைய மாணவிகளாகிய நாம் வெளியிடும் இந்த மலரில் அக்குடும்பத்தின் கதையைச் சொல்வது பொருத்தமாக இருக்கும் என்று எண்ணுகிறேன்.

ஸ்க்லொடோவ்ஸ்கி என்பது வார்சோ நகருக்கு வடக்கேயுள்ள ஸ்க்லொடி என்னும் ஊரின் பெயரையொட்டி வந்த குடும்பப் பெயர். போலந்து வழக்கப்படி அதே பெயர் பெண்களுக்கு வரும்போது ஸ்க்லொடோவ்ஸ்கா என்று மாறும். அவர்கள் ஒரு காலத்தில் சிறு நிலவுடைமைக் குடும்பத்தினர். தலைமுறைகள் செல்லச் செல்ல நிலம் குறைந்தது. நிலத்தை நம்பி இனி வாழ முடியாது என்று கண்டு, கல்வியை நம்பி வெளியே வந்தவர் மேரியின் பாட்டனார் யோசெப் ஸ்க்லொடோவ்ஸ்கி. அவர் ஆசிரியராகி, லுப்ளின் நகரின் உயர்தரப் பாடசாலையொன்றை நடத்தும் பொறுப்பு வரை உயர்ந்தார். அன்று தொடங்கி அக்குடும்பத்தின் சொத்து புத்தகமும் கரும்பலகையும்தான்.

அக்காலத்தில் உலகப் படத்தில் போலந்து என்று ஒரு நாடு இருக்கவில்லை. 1795ஆம் ஆண்டுடன் ருஷியா, பிரஷியா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அந்நாட்டை முழுவதாகப் பங்கு போட்டுக்கொண்டன. வார்சோ ருஷியச் சக்கரவர்த்தியின் ஆட்சிக்குள் வந்தது. 1863இல் எழுந்த கிளர்ச்சி அடுத்த ஆண்டில் அடக்கப்பட்டது. தலைவர்கள் தூக்கிலிடப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டனர். பாடசாலைகளில் ருஷிய மொழியே போதனை மொழியாக்கப்பட்டது. போலந்துச் சிறுவர்கள் தங்கள் நாட்டின் வரலாற்றைத் தங்கள் மொழியில் படிப்பது குற்றமாயிற்று.

இச்சூழலில்தான் யோசெப்பின் மகன் விளாடிஸ்லாவ் கணிதமும் பௌதிகவியலும் கற்பிக்கும் ஆசிரியராக வார்சோவில் பணியாற்றினார். அவர் மணந்த புரோனிஸ்லாவா பொகுஸ்கா, பிரெத்தா வீதியில் இருந்த பெண்கள் பாடசாலையின் அதிபர். பாடசாலைக் கட்டடத்திலேயே குடியிருப்பு. அங்கேதான் சோஃபியா, யோசெப், புரோனிஸ்லாவா, ஹெலெனா, மரியா என்று ஐந்து பிள்ளைகளும் பிறந்தனர். பாட்டனின் பெயர் பேரனுக்கும் தாயின் பெயர் மகளுக்கும் இடப்பட்டன. தாயின் பெயரைப் பெற்ற மகளை வீட்டில் புரோனியா என்று அழைத்தார்கள். கடைக்குட்டி மரியா 1867ஆம் ஆண்டு நவம்பர் 7ஆந் திகதி பிறந்தார். மன்யா என்பது அவருடைய செல்லப்பெயர். பிற்காலத்தில் மேரி கியூரி என்று உலகம் அறிந்தவர் அவரே.

துன்பங்கள் தொடர்ந்த வீடு

மரியா பிறந்த பின்னர், கணவரின் பதவி காரணமாகக் குடும்பம் வேறு வீதிக்குச் சென்றது. ஐந்து பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு தூரத்திலிருந்து பாடசாலையை நடத்த முடியாமல் புரோனிஸ்லாவா அம்மையார் அதிபர் பதவியை விட்டார். வீட்டில் சும்மா இருக்கும் இயல்பு அவருக்கு இல்லை. செலவைக் குறைப்பதற்காகச் சப்பாத்துத் தைக்கும் தொழிலைக் கற்று, பிள்ளைகளின் சப்பாத்துகளைத் தாமே தைத்தார். பெரிய பாடசாலையொன்றின் அதிபராக இருந்தவர் தோலும் ஊசியுமாக உட்கார்ந்திருந்ததை அவர் ஒருபோதும் குறைவாக நினைக்கவில்லை.

ஆனால் அவருக்குக் காசநோய் பிடித்திருந்தது. பிள்ளைகளுக்குத் தொற்றிவிடும் என்ற பயத்தில் அவர் தமது உணவுப் பாத்திரங்களை வேறாக வைத்துக்கொண்டார். பிள்ளைகளை முத்தமிடுவதையும் தவிர்த்தார். தாயின் கை தலையை வருடும், ஆனால் ஏன் அணைத்துக்கொள்வதில்லை என்பது சின்னஞ்சிறு மன்யாவுக்கு விளங்கவில்லை.

1873இல் தந்தையாரின் பதவி பறிபோனது. ருஷிய மேலதிகாரிக்குப் பணிந்து போகாததே காரணம். சம்பளம் குறைந்தது, உத்தியோக வீடும் போயிற்று. அதே காலத்தில் உறவினர் ஒருவரின் முயற்சியில் முதலிட்ட சேமிப்பும் அழிந்தது. வேறு வழியின்றி வீட்டிலேயே மாணவர்களைத் தங்க வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினார். அம்மாணவர்களில் ஒருவர் மூலம் வந்த தைபசுக் காய்ச்சல் மூத்த மகள் சோஃபியாவைக் கொண்டுபோயிற்று. 1878ஆம் ஆண்டு மே மாதம் தாயாரும் மறைந்தார். அப்போது மரியாவுக்குப் பத்து வயது.

மனைவியையும் மூத்த மகளையும் இழந்த அத்தந்தை மனம் தளரவில்லை. நான்கு பிள்ளைகளையும் தாமே வளர்த்தார். ருஷிய அதிகாரிகள் பாடசாலைகளில் ஆய்வுகூடப் பாடங்களை நிறுத்தியபோது, அங்கிருந்த பௌதிகவியல் உபகரணங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி அலுமாரியில் வைத்தார். அந்த அலுமாரியின் முன் நின்று மன்யா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாராம். சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து இலக்கியங்களை வாசித்துக் காட்டுவார். வேற்று மொழி நூல்களை வாய்மொழியாகவே போலந்து மொழிக்கு மாற்றிச் சொல்வார். வறுமை வந்த வீட்டில் வாசிப்பு நின்றுவிடவில்லை.

மணி அடித்ததும் மறையும் புத்தகங்கள்

மரியா முதலில் படித்த தனியார் பெண்கள் பாடசாலையில் போலந்து வரலாறு இரகசியமாகக் கற்பிக்கப்பட்டது. நேரசூசியில் அப்பாடத்துக்கு வேறு பெயர். ருஷியப் பரிசோதகர் வந்துவிட்டால் வாயிற்காவலர் குறிப்பாக மணி அடிப்பார். உடனே போலந்துப் புத்தகங்கள் மறைந்து, மாணவிகளின் கைகளில் தையல் வேலை தோன்றும். பரிசோதகர் கேள்வி கேட்க விரும்பினால் ஆசிரியை எழுப்புவது பெரும்பாலும் மன்யாவைத்தான். வகுப்பிலே வயதில் இளையவர்; ஆனால் ருஷிய மொழியைத் தடையின்றிப் பேசக்கூடியவர். சக்கரவர்த்திகளின் பெயர்களை வரிசையாக ஒப்பித்து முடித்து, பரிசோதகர் வெளியேறியதும் அச்சிறுமி அழுதுவிட்டார். தம் நாட்டை அடிமைப்படுத்தியவர்களின் பெயர்களைத் தம் வாயால் புகழ்ந்து சொல்ல நேர்ந்த அவமானம் அவரை வாழ்நாள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

அரசாங்கப் பாடசாலையின் சான்றிதழே செல்லுபடியாகும் என்பதால் பின்னர் அங்கே சேர்ந்தார். 1883இல் பதினைந்து வயதில் தங்கப் பதக்கத்துடன் படிப்பை முடித்தார். அவருடைய அண்ணன் யோசெப் மருத்துவம் படிக்கப் பல்கலைக்கழகம் சென்றார். ஆனால் பெண்களுக்கு வார்சோப் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கவில்லை. எத்தனை பதக்கம் பெற்றிருந்தாலும் பெண் பெண்தான்.

அதற்கு வார்சோப் பெண்கள் ஒரு வழி கண்டார்கள். பொலிசாருக்குத் தெரியாமல் வீடுகளில் கூடிப் படிக்கும் இரகசியப் பல்கலைக்கழகம் ஒன்று இயங்கியது. இடத்தை அடிக்கடி மாற்றியதால் அதற்குப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று பெயர். புரோனியாவும் மரியாவும் அதிலே சேர்ந்தனர். ஆனால் அங்கே பட்டம் கிடையாது.

அக்காவும் தங்கையும் செய்த உடன்பாடு

புரோனியாவுக்கு வைத்தியராக வேண்டும் என்று ஆசை. பெண்களை ஏற்கும் பாரிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போகப் பணம் இல்லை. மரியாவுக்கும் அதே ஆசை, அதே இல்லாமை. அப்போது பதினேழு வயது நிரம்பிய தங்கைதான் வழி சொன்னார். முதலில் அக்கா பாரிசுக்குப் போவது. தங்கை வேலை செய்து பணம் அனுப்புவது. அக்கா வைத்தியரானதும் தங்கையை அழைத்துப் படிக்க வைப்பது. எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. இரு சகோதரிகளின் வாய்ச்சொல் மாத்திரமே.

1885இல் புரோனியா பாரிஸ் சென்றார். 1886ஆம் ஆண்டு முதல் நாளன்று மரியா, வார்சோவிலிருந்து நெடுந்தூரத்திலுள்ள ஷ்சூக்கி என்னும் கிராமத்துக்கு, ஒரு பண்ணை நிர்வாகியின் வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியையாகப் புறப்பட்டார். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே இருந்தார். சம்பளத்தில் ஏறத்தாழ அரைவாசி பாரிசுக்குப் போனது. வேலை முடிந்தபின் இரவில் தாமாகவே பௌதிகவியலும் கணிதமும் படித்தார். ஓய்வு நேரத்தில் எழுத்தறியாத கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போலந்து மொழி எழுதவும் வாசிக்கவும் சொல்லிக் கொடுத்தார். பிடிபட்டால் கடும் தண்டனை கிடைக்கும் என்பதை அறிந்தே செய்தார்.

அந்த வீட்டின் மூத்த மகனுக்கும் அவருக்கும் இடையே விருப்பம் ஏற்பட்டது. பிறர் வீட்டில் சம்பளத்துக்குப் படிப்பிக்கும் பெண்ணை மருமகளாக ஏற்க முடியாது என்று பெற்றோர் மறுத்துவிட்டனர். மகனும் அவர்களை மீறவில்லை. அந்த அவமானத்தின் பின்னரும் மரியா அதே வீட்டில் ஒரு ஆண்டுக்கு மேல் வேலை செய்தார். விட்டுவிட்டுப் போயிருந்தால் பாரிசில் இருக்கும் அக்காவின் படிப்பு தடைப்பட்டிருக்கும்.

தந்தையாரும் சும்மா இருக்கவில்லை. ஓய்வூதியம் பெற்ற பின்னர், மனத்துக்குப் பிடிக்காத ஆனால் சம்பளம் கூடிய வேறொரு பதவியை ஏற்று மகளுக்குப் பணம் அனுப்பினார். புரோனியா வைத்தியப் படிப்பின் இறுதிக் கட்டத்தை அடைந்து, கசிமியர்ஸ் துளுஸ்கி என்ற போலந்து வைத்தியரை மணந்து, வாக்களித்தபடி தங்கையைப் பாரிசுக்கு அழைத்தார். வியப்பு என்னவெனில், அப்போது மரியா தயங்கினார். தந்தையைத் தனியே விட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. இதற்கிடையில் உறவினர் ஒருவரின் உதவியால் வார்சோவிலிருந்த ஒரு சிறிய ஆய்வுகூடத்தில் முதன்முதலாகத் தம் கையால் பரிசோதனைகள் செய்யும் வாய்ப்புக் கிடைத்தது. அதுவே அவருடைய வழியைத் தீர்மானித்தது. 1891 நவம்பரில், இருபத்துநான்காவது வயதில், நான்காம் வகுப்புப் புகைவண்டிப் பெட்டியில் சொந்தமாக ஒரு மடக்குக் கதிரையையும் படுக்கையையும் கொண்டு பாரிசுக்குப் பயணமானார்.

பாரிசில்

சோர்போன் பல்கலைக்கழகத்தில் மரியா மேரி ஆனார். சில மாதம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு மேல்மாடி அறைக்கு மாறினார். குளிர்காலத்தில் கணப்புக்கு நிலக்கரி போதாது. உணவும் பல நாள் பாணும் தேநீருமே. ஒருமுறை மயங்கி விழுந்ததை அறிந்து மைத்துனர் ஓடிவந்து வீட்டுக்கு அழைத்துப்போய் உணவூட்டினார். 1893இல் பௌதிகவியல் பரீட்சையில் முதலாம் இடம். அடுத்த ஆண்டில் கணிதத்தில் இரண்டாம் இடம். போலந்து மாணவர்களுக்கான புலமைப்பரிசில் நிதியிலிருந்து பெற்ற 600 ரூபிளையும், உழைக்கத் தொடங்கியதும் திருப்பிச் செலுத்தினார். தம்மைப் போன்ற இன்னொருவருக்கு அது பயன்பட வேண்டும் என்பதே அவரது எண்ணம்.

படிப்பு முடிந்ததும் நாடு திரும்பித் தந்தையோடு வாழ்வதே அவரது நோக்கமாக இருந்தது. ஆனால் 1894இல் பியர் கியூரி என்ற விஞ்ஞானியைச் சந்தித்தார். 1895 ஜூலை 26ஆந் திகதி ஆடம்பரமின்றித் திருமணம் நடந்தது. இருவரும் சைக்கிளில் ஏறிக் கிராமப்புறம் பார்க்கப் புறப்பட்டனர். 1897இல் மகள் ஐரீன் பிறந்தார். பியரின் தந்தையார், வைத்தியரான யூஜின் கியூரி, பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்து அவர்களோடு தங்கிவிட்டார். குழந்தையை நம்பிக்கையோடு விட்டுப்போக ஒரு பாட்டனார் வீட்டில் இருந்ததனால்தான் அந்தத் தாயால் ஆய்வுகூடத்தில் நிற்க முடிந்தது.

1898 ஜூலையில் கணவனும் மனைவியும் புதிய மூலகம் ஒன்றை அறிவித்தனர். அதற்கு மேரி பொலோனியம் என்று பெயரிட்டார். உலகப் படத்தில் அழிக்கப்பட்ட தம் நாட்டின் பெயர், மூலகங்களின் அட்டவணையில் அழிக்க முடியாதபடி ஏறியது. டிசம்பரில் இரேடியம் அறிவிக்கப்பட்டது. அதைப் பிரித்தெடுத்துக் காட்டுவதற்கு, மழை ஒழுகும் ஒரு பழைய கொட்டிலில் தொன் கணக்கான கனியக் கழிவுகளைக் காய்ச்சி வடித்து நான்கு ஆண்டுகள் உழைத்தனர். 1902இல் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்களவு இரேடிய உப்புக் கிடைத்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் வார்சோவில் தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. மேரி புறப்பட்டார், ஆனால் உயிரோடு காணக் கிடைக்கவில்லை. மூடியிருந்த பிரேதப் பெட்டியைத் திறக்கச் செய்து, இறுதி நாட்களில் தாம் அருகில் இல்லாததற்காகத் தந்தையிடம் மன்னிப்புக் கேட்டு அழுதார். கண்ணாடி அலுமாரியின் உபகரணங்களை மகளுக்குக் காட்டிய அந்த ஆசிரியர், அவள் பெற்ற நோபல் பரிசைக் காணவில்லை. அடுத்த ஆண்டு, 1903இல், பியருக்கும் மேரிக்கும் ஹென்றி பெக்கரலுக்கும் கதிர்த்தொழிற்பாடு பற்றிய ஆய்வுக்காகப் பௌதிகவியல் பரிசு வழங்கப்பட்டது.

1904இல் இரண்டாவது மகள் ஈவ் பிறந்தார். 1906 ஏப்ரல் 19ஆந் திகதி மழை பெய்த ஒரு பிற்பகலில், பியர் குதிரை வண்டியில் அடிபட்டு உயிரிழந்தார். முப்பத்தெட்டு வயதில் கைம்பெண்ணான மேரி கணவரின் விரிவுரைப் பணியை ஏற்றார். சோர்போனில் கற்பித்த முதற் பெண் அவரே. அனுதாபமோ முகவுரையோ எதிர்பார்த்துக் கூடியிருந்தவர்கள் முன்னிலையில், கணவர் பாடத்தை நிறுத்திய இடத்திலிருந்தே தொடங்கினார்.

1911ஆம் ஆண்டு அவருக்குக் கடுமையான சோதனைகள் வந்தன. பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் மிகச் சில வாக்குகளால் அவரை நிராகரித்தது. பின்னர் அவருடைய அந்தரங்க வாழ்க்கையை இழுத்துப் பத்திரிகைகள் அவதூறு எழுதின. அந்நியப் பெண் என்று ஏசின. அந்த வேளையில்தான் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு, இரண்டாவது முறையாக, அவருக்குக் கிடைத்தது. பரிசைப் பெற ஸ்டொக்ஹோம் சென்றபோது அவருக்குத் துணையாகச் சென்றவர்கள் மகள் ஐரீனும் அக்கா புரோனியாவும். உடன்பாடு எப்போதோ நிறைவேறிவிட்டது. சகோதரப் பாசம் முடிந்துவிடவில்லை.

மகளிரும் பேரப்பிள்ளைகளும்

1914இல் யுத்தம் மூண்டபோது, காயமுற்ற போர்வீரர்களின் உடலில் குண்டு தங்கிய இடத்தைக் காட்டும் எக்ஸ் கதிர் வசதி போர்முனை ஆஸ்பத்திரிகளில் அரிதாகவே இருந்தது. மேரி நன்கொடை திரட்டி இருபது வாகனங்களில் எக்ஸ் கதிர்க் கருவிகளைப் பொருத்தினார். ஏறத்தாழ இருநூறு நிலையங்களும் அமைக்கப்பட்டன. தாமே வாகனமோட்டக் கற்றுக்கொண்டார். பதினேழு வயதான ஐரீனும் தாயோடு சென்று பணியாற்றினார். யுத்தம் முடிந்த 1918இல் போலந்து மீண்டும் சுதந்திர நாடாயிற்று. வகுப்பறையில் அழுத சிறுமி அந்த நாளைத் தம் ஐம்பத்தோராவது வயதில் கண்டார்.

1921இல் அமெரிக்கப் பெண்கள் ஒரு இலட்சம் டொலர் திரட்டி ஒரு கிராம் இரேடியத்தைப் பரிசளித்தனர். 1929இல் இரண்டாவது கிராமுக்கான பணம் கிடைத்தபோது, அதை வார்சோவில் அமையும் இரேடிய நிலையத்துக்குக் கொடுத்தார். புற்றுநோயாளருக்குச் சிகிச்சையளிக்கும் அந்நிலையம் 1932 மே மாதம் திறந்து வைக்கப்பட்டது. அதைக் கட்டியெழுப்பப் பாடுபட்டு முதற் பணிப்பாளராக நின்றவர் வைத்தியர் புரோனியா. அவர் தம் இரு பிள்ளைகளையும் இழந்த துயரத்தை நெஞ்சிலே வைத்துக்கொண்டு அப்பணியைச் செய்தார். அண்ணன் யோசெப் வார்சோவில் வைத்தியராகவும், ஹெலெனா ஆசிரியையாகவும் வாழ்ந்தனர்.

நெடுங்காலம் கதிர்களோடு பழகியதால் மேரியின் குருதி கெட்டது. 1934 ஜூலை 4ஆந் திகதி மலைப்பகுதிச் சுகாதார நிலையமொன்றில் காலமானார். பாரிசுக்கு அருகிலுள்ள சோ என்னும் ஊரில் கணவரின் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அண்ணனும் புரோனியாவும் போலந்திலிருந்து கொண்டுவந்த ஒரு பிடி மண்ணைக் குழியில் இட்டனர்.

இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பு மேரி ஒரு நிறைவைக் கண்டார். மகள் ஐரீனும் மருமகன் பிரெடெரிக் ஜோலியோவும் செயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டைக் கண்டறிந்து அவருக்குக் காட்டினர். அதற்கான நோபல் பரிசு 1935இல் அவர்களுக்குக் கிடைத்தது. ஐரீனும் 1956இல் குருதிப் புற்றுநோயால் மறைந்தார். இளைய மகள் ஈவ் விஞ்ஞானத்துக்கு வரவில்லை. தாயின் வாழ்க்கை வரலாற்றை 1937இல் எழுதி உலகுக்குத் தந்தவர் அவர். சப்பாத்துத் தைத்த பாட்டியையும், சகோதரிகளின் உடன்பாட்டையும் நாம் அறிவது அவரால்தான். 1965இல் யுனிசெப் நிறுவனத்துக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தபோது அதன் தலைவராக இருந்தவர் ஈவின் கணவர். நூற்றிரண்டு வயதுவரை வாழ்ந்து 2007இல் ஈவ் மறைந்தார். ஐரீனின் மகள் ஹெலென் அணுப் பௌதிகவியலாளராகவும், மகன் பியர் உயிர் இரசாயனவியலாளராகவும் விளங்கினர். லுப்ளின் பாடசாலையின் யோசெப் முதல் இவர்கள் வரை ஐந்து தலைமுறைகள்.

1995இல் மேரியின் உடல் பிரான்சின் பெருமக்கள் துயிலும் பந்தேயோனுக்கு மாற்றப்பட்டது. சொந்தச் சாதனைக்காக அங்கே இடம்பெற்ற முதற் பெண் அவர். வார்சோவில் பிரெத்தா வீதி வீடு அவருடைய நினைவு நூதனசாலையாக இருக்கிறது. அங்கே அதிபராக இருந்த தாயார் மகளின் ஒரு வெற்றியையும் காணாமல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தவர். அவருடைய பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. ஆயினும் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அந்த வீட்டில் விவாதத்துக்குரிய விடயமாக இருக்கவில்லையெனில், அதற்குக் காரணம் அவர். தான் படித்த பாடசாலைக்கே திரும்பி வந்து கற்பித்த அந்தப் பழைய மாணவியையும், முதலில் அக்கா போகட்டும் என்று சொன்ன தங்கையையும், சொன்ன வாக்கை மறவாத அக்காவையும் எங்கள் பிள்ளைகள் இரேடியத்தோடு சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.